வளைந்த லென்ஸ், நேரான படம்: மிரர்லெஸ் வடிவமைப்பில் எது உத்தி, எது ஏமாற்று?

குவியம்

நான் பெரும்பாலும் கட்டடங்களின் உட்புறத்தைப் படமெடுப்பவன். இடையிடையே மேடை நாடகம், அமாவாசையை ஒட்டிய நாட்களில் வானம். பல காலம் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் வழி வரும் ஒளியை உள்ளே ஓர் ஆடி வியூஃபைண்டருக்குத் திருப்பும் கேமரா) வைத்திருந்தேன். இப்போது அந்த ஆடி இல்லாத ஒரு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் பாடியும் அதற்கென்றே வடிவமைத்த அகலக்கோண ஜூம் ஒன்றும் கையில் இருக்கின்றன. லென்ஸின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஐந்தாவது பதிலுக்குள் இது பிராண்டுச் சண்டையாகிவிடும்.

ரா கோப்பை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வழக்கமான மென்பொருளில் திறந்தால் சுவர்கள் நேராக நிற்கின்றன, மூலைவரை வெளிச்சம் இருக்கிறது. அதே கோப்பை, லென்ஸ் திருத்தம் எதையும் தானாகச் செய்யாத வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்தேன். சுவர்கள் வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. நான்கு மூலைகளும் கறுப்பு. கொஞ்சம் மங்கல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம்; இது ஒளியே விழாத கறுப்பு. லென்ஸ் உருவாக்கும் ஒளிவட்டம் சென்சாரின் மூலையை எட்டவே இல்லை. மென்பொருள் படத்தை இழுத்து நீட்டி அந்த மூலைகளைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

என் பழைய அகலக்கோண லென்ஸ் கனமானது. ஆனால் அது கொடுத்த படத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பலாம். புதியது உண்மையில் முழு லென்ஸ்தானா? அல்லது பாதியைக் கண்ணாடியில் செய்துவிட்டு மீதியைக் கணினியின் தலையில் கட்டியிருக்கிறார்களா? பழையதை அடாப்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டும் வளையம்) போட்டுத் தொடர்வதா என்று யோசிக்கிறேன்.

இருட்டறை

பாதி லென்ஸ்தான். சந்தேகமே வேண்டாம். துணியைக் கோணலாகத் தைத்துவிட்டு இஸ்திரி போட்டு நேராக்குகிறார்கள். பார்க்க நேராக இருக்கும், தையல் கோணல்தான்.

லென்ஸ் என்றால் ஒளியை வளைப்பது. அதை ஒழுங்காக வளைக்கத் தெரியாவிட்டால் விலையையாவது குறைக்க வேண்டும். அதுவும் நடப்பதில்லை.

ஒளிக்கற்றை

இருட்டறை ஐயாவோடு இந்த ஒரு விஷயத்தில் எனக்கு எப்போதும் மோதல்தான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லென்ஸின் பிழைகள் எல்லாம் ஒரே இனம் இல்லை. சில பிழைகளில் ஒளி சேர வேண்டிய புள்ளியில் சேர்கிறது, ஆனால் அந்தப் புள்ளி இடம் மாறி விழுகிறது. நேர்கோடு வளைந்து தெரிவதும், ஓரத்தில் சிவப்பும் நீலமும் விலகி விழுவதும் இந்த வகை. விவரம் சென்சாரில் பதிவாகிவிடுகிறது. இருக்க வேண்டிய இடத்துக்கு அதை நகர்த்தினால் போதும். இரண்டாவது வகை வேறு. கோமா, அஸ்டிக்மாட்டிசம், கோளப் பிறழ்ச்சி போன்றவற்றில் புள்ளியே சிதைந்து பரவிவிடுகிறது. பரவிய புள்ளியை எந்த மென்பொருளாலும் முழுதாகத் திரும்பக் குவிக்க முடியாது. ஊகித்துக் கூர்மையாக்கலாம், அவ்வளவுதான்.

லென்ஸ் வடிவமைப்பாளரிடம் இருப்பது எண்ணிக்கைக்கு உட்பட்ட கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொரு பரப்பின் வளைவும் ஒவ்வொரு இடைவெளியும் ஏதோ ஒரு பிழையைக் குறைக்கவே செலவாகின்றன. கோடு வளைவதையும் கண்ணாடியிலேயே சரிசெய் என்றால், அதற்கான வளைவை அவர் வேறு எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் கோமா கூடும், அல்லது எடையும் நீளமும் கூடும். கோட்டு வளைவை மென்பொருளிடம் விட்டுவிட்டால், இருக்கும் கண்ணாடி முழுவதையும் மென்பொருளால் தீர்க்க முடியாத பிழைகளின் மேல் செலவிடலாம். கணினியால் முடிந்ததைக் கணினியிடமும், கண்ணாடியால் மட்டுமே முடிந்ததைக் கண்ணாடியிடமும் கொடுத்திருக்கிறார்கள். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

மேலும் இது நேற்று முளைத்ததும் இல்லை. 2008இல் பானாசோனிக் ஜி1 வந்தபோதே மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையில் லென்ஸின் திருத்தக் கணக்கு ரா கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டது. அந்த லென்ஸ்களைப் பல ஆண்டுகள் எல்லோரும் கூர்மை, கூர்மை என்று புகழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

வாலாட்டி

பறவைக்காரன் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 600 மி.மீ. லென்ஸில் கோடு வளைந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன? கொக்கின் கால் நேராக இருக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. தொடருங்கள்.

இருட்டறை

> கணினியால் முடிந்ததைக் கணினியிடமும்...

கேட்க நன்றாக இருக்கிறது. அந்தக் கணினி வேலைக்கும் கூலி உண்டு என்பதை விட்டுவிட்டீர்கள். மூலையை இழுத்து நீட்டும்போது இல்லாத பிக்சல்களை இடையில் நிரப்புகிறார்கள். 45 மெகாபிக்சல் என்று சொல்லி விற்ற சென்சாரின் மூலையில் 45 மெகாபிக்சலுக்கான விவரம் இருக்காது.

இருட்டு இன்னும் மோசம். மூலையில் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) ஒளி குறைகிறது என்று வையுங்கள். அதைத் தூக்க எட்டு மடங்கு பெருக்க வேண்டும். நடுவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200இல் எடுத்த படத்தின் மூலை 25600இல் எடுத்தது போல இரைச்சலாக இருக்கும். குவியம் வானத்தை எடுக்கிறவர். நட்சத்திரம் மூலையிலும் இருக்கும், பாவம்.

குவியம்

ஆம், எனக்கு உறுத்தியதும் அதுதான். பகல் வெளிச்சத்தில் உட்புறப் படங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வானத்தில்தான் மூலைகள் மணல் தூவியதைப் போல ஆகிவிடுகின்றன. நட்சத்திரங்களின் வடிவம் மட்டும் பழைய லென்ஸைவிட நன்றாகவே இருக்கிறது. பழையதில் ஓரத்து நட்சத்திரங்கள் எல்லாம் சிறகு விரித்துப் பறக்கும்.

ஒளிக்கற்றை

நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சிறகு விரிந்தால் அது கோமா. புதிய லென்ஸில் அதைக் கண்ணாடியே கவனித்திருக்கிறது. இரைச்சல் பற்றி இருட்டறை ஐயா சொன்னது சரி, மறுக்கவில்லை. ஆனால் ஓர இருட்டு பழைய லென்ஸ்களிலும் உண்டு. எஃப்/1.4 லென்ஸை (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) முழுதாகத் திறந்து எடுத்த எந்தக் காலத்துப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். அன்று திருத்தாமல் விட்டோம், அதனால் இரைச்சல் கண்ணில் படவில்லை.

விழாப்படம்

தொழில்முறையில் விழாக்களை எடுப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி. டிஎஸ்எல்ஆர் காலத்தில் ஏன் இப்படிச் செய்யவில்லை? மென்பொருள் அப்போதும் இருந்ததே. கேமராவுக்குள்ளேயே ஜேபெக்கைத் திருத்தும் வசதியும் இருந்தது.

ஒளிக்கற்றை

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது.

டிஎஸ்எல்ஆரில் நீங்கள் வியூஃபைண்டரில் பார்ப்பது லென்ஸ் தரும் ஒளியை. ஆடியில் பட்டு, பென்டாபிரிசத்தில் திரும்பி, நேராகக் கண்ணுக்கு வருகிறது. நடுவில் திருத்துவதற்கு இடமே இல்லை. லென்ஸ் சுவரை வளைத்தால் வளைந்த சுவரைத்தான் பார்ப்பீர்கள். மூலை கறுப்பாக இருந்தால் கறுப்பைத்தான் பார்ப்பீர்கள். அப்படி ஒரு லென்ஸைக் கடையில் யாராவது கண்ணில் வைத்துப் பார்த்தால் அந்த நிமிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே வடிவமைப்பாளருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

மிரர்லெஸில் கண்ணுக்கு வருவது சென்சார் படித்து, செயலி திருத்தி, சிறிய திரையில் காட்டும் படம். திருத்தத்துக்கு முந்தைய படத்தை நீங்கள் பார்க்கப்போவதே இல்லை. குவியம் வேறு மென்பொருளில் திறந்ததால்தான் அவருக்கே தெரிய வந்தது. ஆடியை எடுத்ததால் கேமராவின் அளவு குறைந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் கணக்கில் அது இரண்டாம் பட்சம். கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு கணக்கு நுழைந்ததுதான் பெரிய மாற்றம். கேனானின் ஆர்எஃப் 24-240 மி.மீ. ஜூமை 24இல் வைத்துத் திருத்தமில்லாத ரா கோப்பைப் பார்த்தால் மூலைகள் கறுப்பாகத்தான் இருக்கும். அப்படி ஒரு லென்ஸ் டிஎஸ்எல்ஆரில் பிறந்திருக்கவே முடியாது.

இன்னொரு எடுத்துக்காட்டு. 2020இல் கேனான் 600 மி.மீ., 800 மி.மீ. என்று இரண்டு லென்ஸ்களை வெளியிட்டது. இரண்டுக்கும் அப்பர்ச்சர் எஃப்/11, அதுவும் மாற்ற முடியாத எஃப்/11. டிஎஸ்எல்ஆரின் ஆட்டோஃபோகஸ் பகுதிக்கு எஃப்/5.6 வேண்டும், நல்ல பாடிகளில் எஃப்/8 வரை போகலாம். எஃப்/11 என்றால் அது கையை விரித்துவிடும். ஒளி வியூஃபைண்டரும் இருண்டுவிடும். மிரர்லெஸில் சென்சாரே ஃபோகஸ் செய்கிறது, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிறது. அதனால் 800 மி.மீ. லென்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிறது.

வாலாட்டி

இப்போது என் தெருவுக்கு வந்துவிட்டீர்கள்.

அந்த எஃப்/11 லென்ஸ்களைப் பார்த்து முதலில் சிரித்தவர்களில் பலர் பின்னர் வாங்கினார்கள். நல்ல வெயிலில் அமர்ந்திருக்கும் பறவைக்குப் போதுமானது. விடியற்காலையில் காட்டுக்குள் கொண்டுபோனால் ஐஎஸ்ஓ எங்கேயோ ஏறிவிடும்.

ஆனால் "மிரர்லெஸ் என்றால் லென்ஸ் சிறியது" என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். 600 மி.மீ. எஃப்/4 என்றால் ஒளி நுழையும் வாயின் விட்டம் 150 மி.மீ. இருந்தே ஆக வேண்டும். 600ஐ நான்கால் வகுத்தால் வருவது அது. பின்னால் ஆடி இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. நிக்கானின் இசட் 800 மி.மீ. எஃப்/6.3 சுமார் 2.4 கிலோதான், பழைய எஃப் மவுண்டின் (மவுண்ட் என்றால் பாடியில் லென்ஸ் பூட்டும் வாய்) 800 எஃப்/5.6 சுமார் 4.6 கிலோ என்று காட்டுவார்கள். முதலாவது அப்பர்ச்சர் சிறியது. இரண்டாவது, அதில் எடையைக் குறைக்கும் ஃபேஸ் ஃபிரெனெல் கண்ணாடி இருக்கிறது. அந்த உத்தியை நிக்கான் 2015இலேயே 300 எஃப்/4இல், டிஎஸ்எல்ஆருக்காகச் செய்துவிட்டது. மிரர்லெஸுக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

எனக்கு மிரர்லெஸ் தந்தது வேறு. 2017இல் சோனி ஏ9 வந்தபோது நொடிக்கு 20 படம், வியூஃபைண்டர் இருட்டாகாமல். பறக்கும் பறவையைப் பின்தொடரும்போது நடுவில் திரை கறுப்பாகாமல் இருப்பது எவ்வளவு பெரிய வரம் என்று எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். இப்போது பறவையின் கண்ணையே கேமரா கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கிறது. முன்பு ஃபோகஸ் புள்ளியைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்த நேரத்தில் இப்போது பின்னணியைப் பார்க்கிறேன்.

இருட்டறை

கண்ணையும் அது பிடிக்கும், தருணத்தையும் அது பிடிக்கும். ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே படங்களைச் சேமித்து வைக்கும் பாடிகளும் வந்துவிட்டன. நீங்கள் எதற்கு?

வாலாட்டி

விடியற்காலையில் சேற்றில் படுத்துக்கிடப்பதற்கு. அதற்கு இன்னும் இயந்திரம் வரவில்லை.

விழாப்படம்

ஷட்டர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சத்தமில்லாத மின்னணு ஷட்டர் என் வேலையில் பெரிய உதவி. மேடையில் ஒருவர் கண்கலங்கும்போது "கிளக்" என்று கேட்காது. ஆனால் எல்.இ.டி. விளக்கு உள்ள அரங்கில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழும். சென்சார் ஒவ்வொரு வரியாகப் படிக்கிறது, அதற்குள் விளக்கு பலமுறை அணைந்து எரிந்துவிடுகிறது. ஃபிளாஷும் பெரும்பாலான பாடிகளில் மின்னணு ஷட்டரோடு வேலை செய்யாது. குவியம் நாடகம் எடுப்பதாகச் சொன்னார், இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

நிக்கான் இசட்9 2021இல் இயந்திர ஷட்டரே இல்லாமல் வந்தது. சென்சார் அத்தனை வேகமாகப் படிக்கிறது. சோனி ஏ9இன் மூன்றாம் பதிப்பு 2023இல் இன்னும் ஒரு படி தாண்டி, சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படித்தது. பட்டையும் இல்லை, வேகமாக நகரும் பொருள் சாய்ந்து விழுவதும் இல்லை, எந்த வேகத்திலும் ஃபிளாஷ். அதற்குப் பதிலாக அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250இல்தான் தொடங்குகிறது. இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

குவியம்

மேடை விளக்கில் இயந்திர ஷட்டரைத்தான் பயன்படுத்துகிறேன், நன்றி.

மவுண்டைப் பற்றிக் கேட்க வேண்டும். வாய் அகலமான மவுண்ட் என்றால் லென்ஸ் சிறப்பாக இருக்கும் என்று எல்லா விமர்சனங்களிலும் வருகிறது. நிக்கான் இசட் 55 மி.மீ., கேனான் ஆர்எஃப் 54, எல் மவுண்ட் 51.6, சோனி ஈ 46.1. அப்படியென்றால் கடைசியில் இருப்பவர் தோற்றவரா?

ஒளிக்கற்றை

வாயின் அகலம் ஒரு வசதி, அவ்வளவுதான். 50 மி.மீ. எஃப்/1.2 லென்ஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேனான் ஆர்எஃப் 950 கிராம், 2018இல் வந்தது. நிக்கான் இசட் 1090 கிராம், 2020இல். மூன்றிலும் குறுகிய வாயுள்ள சோனி 2021இல் கொண்டுவந்தது 778 கிராம். குறுகிய வாயில் எஃப்/1.2 நடக்காது என்று அடித்துச் சொன்னவர்கள் அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுப்பதில்லை. கேனானின் பழைய ஈஎஃப் 50 எஃப்/1.2 இவை எல்லாவற்றையும்விட எடை குறைவு, 600 கிராமுக்கும் கீழே. வாலாட்டி சொன்னதற்கு இன்னொரு சாட்சி: மிரர்லெஸ் லென்ஸைச் சிறிதாக்கவில்லை, முழுதாகத் திறந்தாலும் ஓரம்வரை கூர்மை வேண்டும் என்ற ஆசையைப் பெரிதாக்கியது.

அகலத்தைவிட, மவுண்டிலிருந்து சென்சார் வரையுள்ள தூரம்தான் முக்கியம் என்பேன். நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ., கேனான் ஈஎஃபில் 44. ஆடி எழுந்து விழ இடம் வேண்டுமே. 24 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸின் கடைசிக் கண்ணாடி சென்சாரை நெருங்கவே முடியாது. ஆகவே முன்னால் பெரிய குழிவில்லை வைத்து, ஒளியை முதலில் விரித்து, பிறகு குவிக்கும் ரெட்ரோஃபோகஸ் வடிவம். உங்கள் பழைய அகலக்கோண லென்ஸின் முகம் குண்டாக இருப்பதற்குக் காரணம் அது. இப்போது நிக்கான் இசட் 16 மி.மீ., சோனி ஈ 18, கேனான் ஆர்எஃப் 20. கடைசிக் கண்ணாடியைச் சென்சாரின் மூக்கின் மேல் கொண்டுபோய் வைக்கலாம்.

முழுவதுமாக வைக்கவும் முடியாது. சென்சாரின் மேல் வடிகட்டிக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. ஒளி மிகச் சாய்வாக வந்தால் அந்தக் கண்ணாடியே மூலையைக் குழப்பிவிடும். ஆடி இல்லாத பழைய ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமராக்களின் அகலக்கோண லென்ஸ்களைச் சோனி பாடியில் மாட்டியவர்கள் மூலை கரைந்து போவதைப் பார்த்திருப்பார்கள். ஃபிலிமில் அந்தத் தொல்லை இல்லை. லைக்கா தன் டிஜிட்டல் எம் பாடிகளில் அந்தக் கண்ணாடியை மெல்லியதாக வைப்பதும் இதனால்தான்.

இருட்டறை

ஒரு வழியாகக் கண்ணாடியைப் பற்றி நல்ல வார்த்தை வந்தது.

நான் கேட்க வந்தது வேறு. இந்தத் திருத்தக் கணக்கு எங்கே இருக்கிறது? லென்ஸ் பாடிக்குச் சொல்கிறது, பாடி கோப்பில் எழுதுகிறது, மென்பொருள் அதைப் புரிந்துகொள்கிறது. மூன்றும் ஒரே நிறுவனத்தின் தயவில். என் எம்42 லென்ஸை (பழைய திருகு மவுண்ட்) இன்றைக்கு எந்த மிரர்லெஸிலும் ஒரு வளையத்தைப் போட்டு மாட்டலாம், படமும் முழுமையாக வரும். உங்கள் புதிய லென்ஸை நாற்பது ஆண்டுக்குப் பிறகு இன்னொரு மவுண்டில் மாட்டினால் என்ன வரும்? கறுப்பு மூலையும் வளைந்த சுவரும்தான். போதாக்குறைக்கு அப்பர்ச்சரும் ஃபோகஸும் மின்சாரத்தில் ஓடுகின்றன. மின்சாரம் இல்லாவிட்டால் ஃபோகஸ் வளையத்தைச் சுற்றினாலும் எதுவும் அசையாது.

ஒளிக்கற்றை

இந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. டிஎன்ஜி என்ற ரா கோப்பு வடிவத்தில் திருத்தக் கட்டளைகளை உள்ளேயே எழுதி வைக்க இடம் இருக்கிறது. அதன் விவரக்குறிப்பும் வெளிப்படையானது. ஆகவே எடுத்த படங்களைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். லென்ஸின் மறுபிறவி பற்றி நீங்கள் சொல்வது சரிதான். மின்விசையில் ஃபோகஸ் ஆகும் லென்ஸுக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைப்பது கடினம்.

விழாப்படம்

நாற்பது ஆண்டா? என் லென்ஸ்கள் ஐந்து ஆண்டு விழாக்களைத் தாண்டினாலே அதிர்ஷ்டம். எல்லோரும் லென்ஸைப் பேரனுக்கு எழுதி வைக்க வாங்குவதில்லை ஐயா.

எனக்கு எரிச்சல் பாடியின் வடிவத்தில்தான். முதல் தலைமுறைப் பாடிகளை எவ்வளவு சிறிதாக்கலாம் என்று போட்டி போட்டார்கள். 70-200 எஃப்/2.8 மாட்டினால் விரல் நுனிகள் கிரிப்புக்கும் லென்ஸுக்கும் நடுவில் நசுங்கும். சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. பேட்டரியும் அப்படித்தான்: டிஎஸ்எல்ஆரான நிக்கான் டி850க்கு சீப்பா (கேமரா தொழில்துறைச் சங்கம்) அளவீட்டில் 1840 படம், அதே நிறுவனத்தின் இசட்7க்கு 330. நிஜத்தில் இரண்டுமே கூடுதலாக வரும், ஆனால் விகிதம் விகிதம்தான். 2018இல் வந்த இசட்6, இசட்7, ஈஓஎஸ் ஆர் மூன்றிலும் ஒரே ஒரு கார்டு இடம். மறுபடி நடக்காத நிகழ்ச்சியை ஒரே கார்டில் எடுக்கச் சொன்னார்கள். இதையெல்லாம் அடுத்தடுத்த பாடிகளில் திருத்திவிட்டார்கள். திருத்திய பிறகு எடை எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள், நல்ல கிரிப்புள்ள பாடி பழைய டிஎஸ்எல்ஆருக்குப் பக்கத்தில்தான்.

வாலாட்டி

வியூஃபைண்டர் விளம்பரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 36.9 லட்சம் புள்ளி என்பார்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணியது. மூன்றால் வகுத்தால் 1280க்கு 960 பிக்சல். 57.6 லட்சம் என்பது 1600க்கு 1200. பாவம், வாங்குகிறவர் சென்சாரின் மெகாபிக்சலோடு ஒப்பிட்டு மயங்கிவிடுகிறார்.

குவியம்

அடாப்டர் கேள்விக்குத் திரும்புகிறேன். என்னிடம் கேனானின் ஈஎஃப் மவுண்ட் 24 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் (சாய்க்கவும் பக்கவாட்டிலோ மேலேயோ நகர்த்தவும் கூடியது) இருக்கிறது. உயரமான சுவர்களுக்கு அதைத்தான் நம்புகிறேன். அதை வைத்துக்கொண்டு புதிய ஜூமை மட்டும் விற்றுவிடலாமா?

ஒளிக்கற்றை

டில்ட்-ஷிஃப்டை எக்காரணம் கொண்டும் விற்காதீர்கள். இருட்டறை ஐயாவின் கட்சி முழுதாக வெல்லும் இடம் அதுதான். மென்பொருள் திருத்தம் ஒளி அச்சு சட்டத்தின் நடுவில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. லென்ஸை மேலே நகர்த்தினால் அந்த நடு வேறு எங்கோ போய்விடும். எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதை அந்த லென்ஸ் கேமராவுக்குச் சொல்வதுமில்லை. ஆகவே அதன் கோடுகளைக் கண்ணாடியிலேயே நேராக்கியாக வேண்டியிருந்தது, நேராக்கியிருக்கிறார்கள். ஒளிவட்டமும் சட்டத்தைவிட மிகப் பெரியது.

ஜூமை விற்பதா என்பது வேறு. உட்புற வேலையில் அது போதும் என்று நீங்களே சொன்னீர்கள். வானத்துக்கு மட்டும், ஜூம் இல்லாத, நன்றாகத் திறக்கும் ஒரு லென்ஸைப் பாருங்கள். வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இருட்டறையில் ஒரு சிறு எல்.இ.டி. புள்ளியைத் தூரத்தில் வைத்து, சட்டத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அது விழும்படி எடுங்கள். ரா கோப்பை, எல்லாத் திருத்தங்களையும் அணைத்த மென்பொருளில் திறவுங்கள். புள்ளியின் வடிவம் கண்ணாடியின் தரத்தைச் சொல்லும், மூலையின் இருட்டு பின்னால் எவ்வளவு இரைச்சல் வரும் என்பதைச் சொல்லும். நான்கு மூலைகளும் ஒன்றுபோல இல்லாவிட்டால் அந்த லென்ஸில் கண்ணாடி சாய்ந்திருக்கிறது, வேறொன்றைக் கேளுங்கள்.

இருட்டறை

என் பெயரைச் சோதனைச்சாலைக்கு வைத்ததற்கு நன்றி.

டில்ட்-ஷிஃப்டுக்கு அடாப்டர் வாங்கும்போது கவனம். ஈஎஃப் 44, ஆர்எஃப் 20, நடுவில் 24 மி.மீ. இருக்க வேண்டும். மலிவு அடாப்டர்கள் பலவற்றை வேண்டுமென்றே கொஞ்சம் மெல்லியதாகச் செய்வார்கள். முடிவிலிக்கு ஃபோகஸ் போகாவிட்டால் வாங்கியவர் சண்டைக்கு வருவார், தாண்டிப் போனால் கவனிக்கமாட்டார் என்ற கணக்கு. ஆனால் மிதக்கும் (ஃபோகஸுக்கு ஏற்பத் தனியாக நகரும்) கண்ணாடித் தொகுதியுள்ள அகலக்கோண லென்ஸில் அந்த வித்தியாசம் மூலையில் வந்து நிற்கும். மவுண்ட் முகங்கள் இணையாக இல்லாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். அப்புறம் லென்ஸைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

குவியம்

என் லென்ஸின் தூரக் குறியில் முடிவிலி சரியாக எங்கே விழுகிறது என்று பழைய பாடியில் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறேன். அடாப்டரில் அதே இடத்தில் விழுந்தால் தடிமன் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

இருட்டறை

தடிமனுக்கு அது போதும். சாய்வுக்குப் போதாது. தூரத்துக் கட்டட வரிசை ஒன்றை முழுத்திறப்பில் எடுங்கள், பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதையே மறுபடி எடுங்கள். மங்கல் சட்டத்தின் அதே பக்கத்தில் இருந்தால் கோளாறு அடாப்டரிலோ லென்ஸிலோ பாடியின் மவுண்டிலோதான், கட்டடத்தில் இல்லை. எது என்று பிரிக்க, இந்தப் பாடிக்கென்றே வந்த உங்கள் ஜூமை அடாப்டர் இல்லாமல் மாட்டி அதையே செய்யுங்கள். பழைய பாடி இன்னும் கையில் இருந்தால் டில்ட்-ஷிஃப்டை அதிலும் ஒருமுறை. டில்ட் திருகைச் சுழியத்தில் பூட்டிவிட்டு எடுக்க மறக்காதீர்கள்.